கடலில் கரைக்கும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

மயிலாப்பூர் வீட்டிலிருந்து நீ போனில் பேசியபோது பின்னால் அந்த வீட்டு அம்மாவின் குரலும் கேட்டது. "கிழிஞ்சதெல்லாம் வீட்டுல வெச்சுக்கக் கூடாது. எடைக்குப் போடவும் மனசு வரல. பட்டினப்பாக்கம் கடல்ல கரைச்சிடலாமா?" அந்த வீட்டுத் தாத்தா விட்டுப்போன இரண்டு பெட்டிப் புத்தகங்கள், மூன்று ஏட்டுக் கட்டுகள். என்ன பதில் சொல்வது என்று கேட்டாய். அன்று அவசரத்தில் ஏதோ சொல்லிவிட்டேன். சுவடி காக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று இப்போது விரிவாக எழுதுகிறேன்.

அந்த அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே. தாளில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர் அவர். அந்தப் பக்தி இல்லாதிருந்தால் பெட்டிகள் எப்போதோ பழைய பேப்பர்க் கடைத் தராசில் ஏறியிருக்கும். ஆனால் நம் நாட்டில் கரையானும் ராமபாணப் பூச்சியும் தின்றது போக, பக்தியால் போன சுவடிகளும் நிறைய உண்டு. உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படித்திருப்பாய். கரிவலம்வந்தநல்லூரில் பாண்டியர் காலத்து ஏடுகளைத் தேடிப் போன அவருக்கு என்ன சொன்னார்கள்? பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக் கூடாது, ஆகம முறைப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டோம் என்றார்கள். ஆடிப்பெருக்கில் சுவடிகளை ஆற்றோடு விட்ட வழக்கத்தையும் அவர் வேதனையோடு எழுதியிருக்கிறார். யாரும் அலட்சியத்தால் செய்ததில்லை, எல்லாம் மரியாதையாகவே நடந்தது. என்னென்ன எரிந்தன என்று சொல்ல ஒரு பட்டியல்கூட மிஞ்சவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

இதே கேள்விக்கு யூதர்கள் வேறொரு வழி கண்டார்கள். கடவுளின் பெயர் எழுதிய தாளை அழிக்கக் கூடாது என்பது அவர்கள் மறைச்சட்டம். தங்கள் வேதத்தில் உபாகமம் என்ற நூலின் 12-ஆம் அதிகாரத்திலிருந்து அதை எடுத்துக்கொண்டார்கள். வேதப் புத்தகம் கீழே விழுந்தால் எடுத்து முத்தமிடுவார்கள். திறந்த புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்து வைக்க மாட்டார்கள். வேதத்தின் முதல் ஐந்து நூல்களின் மேல் வேறு நூலை அடுக்க மாட்டார்கள். கிழிந்து பயன்படாமல் போனதை எரிப்பதில்லை. 'கெனிசா' என்ற அறையில் சேர்த்துவைத்து, பிறகு மனிதரை அடக்கம் செய்வதுபோல் மண்ணில் புதைப்பார்கள். பழைய கெய்ரோவில் பென் எஸ்ரா ஜெபாலயத்தின் கெனிசாவோ புதைபடாமல் பல நூற்றாண்டு நிரம்பிக்கொண்டே இருந்தது. 1896 டிசம்பரில் அங்கே போன சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்த துண்டுகள் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல். வேதம் மட்டுமா? எபிரேய எழுத்து இருந்தாலே போதும் என்று வியாபாரக் கணக்கு, கல்யாண ஒப்பந்தம், குழந்தை எழுதிப் பழகிய தாள், எல்லாவற்றையும் போட்டிருந்தார்கள். 12-ஆம் நூற்றாண்டில் மங்களூரில் பல வருஷம் வாழ்ந்த ஆபிரகாம் பென் யீஜூ என்ற வணிகரின் கடிதங்களும் அதில் கிடைத்தன. நம் மேற்குக் கரையின் மிளகு வியாபாரத்தை அந்தக் குப்பையிலிருந்துதான் இவ்வளவு நெருக்கமாக அறிகிறோம்.

எதைக் காப்பது, எதை விடுவது என்று அவர்கள் அவசரப்பட்டு முடிவு செய்யவில்லை. நான் அவசரப்பட்டேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், தி.நகரில் ஒரு வீட்டுத் தேவார ஏடு என் மேசைக்கு வந்தது. கட்டை அவிழ்த்ததும் விரல்நகம் அளவுத் துணுக்குகள் துணியில் உதிர்ந்தன. நான் அவற்றைப் பெருக்கிக் கொட்டிவிட்டு நல்ல ஏடுகளைத் துடைக்க உட்கார்ந்தேன். பாட்டு முடிந்த பிறகு, படி எடுத்தவர் தம் பெயரும் ஆண்டும் கிழமையும் குறிப்பது வழக்கம். அந்தக் கடைசி ஏடுதான் நொறுங்கியிருந்தது. துணி மடிப்பில் ஒரே ஒரு துணுக்கு மிஞ்சியது, 'ஆடி மாசம்' என்ற இரண்டு சொற்களோடு. எந்த ஆண்டின் ஆடி, யார் கை, எந்த ஊர், எல்லாம் என் முறத்தோடு போயிற்று. அந்தத் தேவாரம் அச்சில் எங்கும் கிடைக்கும். அந்த மனிதரின் பெயர் இனி எங்கும் கிடைக்காது.

அதனால் கட்டை அவிழ்க்கும்போது கீழே வெள்ளைத் தாள் விரி. உதிர்வதைத் தனி உறையில் போட்டு, எந்த ஏட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது என்று எழுது. ஒட்டிக்கொண்ட ஏடுகளைப் பிரித்து இழுக்காதே. மென்மையான தூரிகையால் தூசி தட்டிய பிறகே எலுமிச்சைப்புல் எண்ணெய். பஞ்சில் தொட்டு, நரம்பு ஓடும் திசையில் மட்டும் தடவு. படம் வரைந்த ஏட்டில் எண்ணெய் படவே கூடாது. எழுத்து தெரியவில்லை என்றால் விளக்குக்கரி மை பூசித் துடை. மங்கிக் கிடந்த வரி உன் கட்டைவிரலுக்குக் கீழே கறுத்து எழும்பும். முப்பது வருஷம் ஆகியும் அந்த நொடியில் நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

மேசைக்கு வருவது யாருடைய மறை என்பதிலும் வித்தியாசம் காட்டாதே. சைவரான சாமிநாதையர் 1887-ல் பதிப்பித்த சீவக சிந்தாமணி சமணர்களின் காப்பியம். கும்பகோணத்துச் சமணர்கள் அதைப் பக்தியோடு படித்து வந்தார்கள். அவர்களிடம் போய்ப் பாடம் கேட்டுத்தான் அவர் பொருள் தெளிந்தார். நாளைக்கு உன்னிடம் பழைய குர்ஆன் வரும், தமிழ் பைபிள் வரும். அந்த வீட்டில் அதை எப்படித் தொடுவார்கள், எங்கே வைப்பார்கள் என்று முதலில் கேள். கைகழுவிவிட்டு வரச் சொன்னால் கழுவு, செருப்பை வெளியே விடச் சொன்னால் விடு.

அந்த அம்மாவிடம் கரைக்க வேண்டாம் என்று உடனே அடித்துச் சொல்லாதே. ஒரு மாசம் அவகாசம் கேள். ஒவ்வொன்றும் என்ன என்று பட்டியல் எடு, படம் எடு. ஏடுகளைப் பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்திலோ அடையாறு நூலகத்திலோ காட்டி வா. அச்சுப் புத்தகங்களை ஏற்கெனவே இருப்பது, இல்லாதது என்று பிரி. அதன் பிறகும் வெறும் தூளாக ஏதாவது மிஞ்சினால் அவர் விருப்பப்படி செய்யட்டும், நாமும் கூடப் போவோம்.

சனிக்கிழமை காலை நான் வருகிறேன். பழைய பருத்திச் சேலை ஒன்று கேட்டு வாங்கிவை. துவைத்ததாக இருக்கட்டும், கஞ்சி போட்டது வேண்டாம், பூச்சி வரும். மூன்று கட்டுக்கும் அதிலேயே துணி கிழித்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்