பழைய வரைபடத்தோடு வயலுக்குப் போகும் மருமகளுக்கு

மருமகளே, சஃபோக்கில் வேலைக்குச் சேர்ந்த கையோடு மெட்டல் டிடெக்டர் வாங்கிவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். இங்கிலாந்து வயல்களில் முப்பது வருடம் நடந்தவன் நான். சரியாகச் செய்ததைவிடத் தவறியதுதான் அதிகம். அதிலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

1. முதல் மாதம் டிடெக்டரைத் தொடாதே, வரைபடத்தைப் படி. பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே 19-ஆம் நூற்றாண்டில் போட்ட, ஒரு மைலை 25 அங்குலத்தில் காட்டும் தாள்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இன்றைய வான்படத்தின் மேல் அதைப் படியவைத்து, மேலே இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கவிட்டுப் பார்க்கலாம். ‘டபிள்யூ’ என்று ஒற்றை எழுத்து இருந்தால் கிணறு. ‘எஃப்.பி.’ என்றால் ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதை வேலியைத் தொடும் இடத்தில் ஏறித் தாண்ட ஒரு மரப்படி இருந்திருக்கும். காலைத் தூக்கிப் போடும்போது பையிலிருந்து காசு நழுவும். வேலியை எப்போதோ பிடுங்கியிருப்பார்கள். உன் கண்ணுக்கு வெறும் உழவு நிலம்தான் தெரியும். காசு இன்னும் அங்கேயே கிடக்கலாம். ஆகவே, மனிதர்கள் எங்கே நின்றார்கள், எங்கே தண்ணீர் சேந்தினார்கள், எங்கே கூடினார்கள் என்று தேடு.

2. ஒரே வரைபடத்தை நம்பி இறங்காதே. ஒரு தாளில் பழைய விடுதி ஒன்றைப் பார்த்துவிட்டு, அதன் எதிர் வயலில் இரண்டு குளிர்காலம் அலைந்தேன். ஆணிகளைத் தவிர ஒன்றுமில்லை. பிறகுதான் ஆவணக் காப்பகத்துக்குப் போய் டைத் வரைபடத்தை விரித்தேன். தேவாலயத்துக்குக் கொடுத்துவந்த பத்தில் ஒரு பங்கைப் பணமாக மாற்ற 1836-இல் சட்டம் வந்தபோது வரைந்தவை அவை. ஒவ்வொரு வயலின் பெயர், உரிமையாளர், பயிரிட்டவர் எல்லாம் அதன் பட்டியலில் இருக்கும். சாலையையே பின்னால் நகர்த்தியிருக்கிறார்கள்! விடுதி அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. வயல் பெயர்களை வாய்விட்டுப் படி. ‘பிளாக்லேண்ட்ஸ்’ என்றால், பல காலம் மனிதர் குடியிருந்து கறுத்த மண்ணாக இருக்கக்கூடும்.

3. வரைபடம் வழி காட்டும், அனுமதி தராது. ஒவ்வொரு வயலுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். பாதுகாக்கப்பட்ட தொல்லிடமானால் அவர் சம்மதித்தாலும் போதாது. உரிமமின்றி டிடெக்டரை அங்கே பயன்படுத்துவது 1979-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். நான் முதன்முதலாகக் கதவைத் தட்டிய வீட்டில் வணக்கம்கூடச் சொல்லாமல் வரைபடத்தை நீட்டினேன். அந்தப் பெரியவர் கதவைச் சாத்திவிட்டார். அடுத்த வருடம் வெறுங்கையோடு போய் அவருடைய ஆடுகளைப் பற்றி விசாரித்தேன். சமையலறையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். எந்த வரைபடத்திலும் இல்லாத, அவர் தாத்தா தூர்த்த குளத்தையும் காட்டினார்.

4. தோண்டிய குழியை மூடு. திறந்த கேட்டைச் சாத்து.

5. பெரிதாக ஏதாவது தென்பட்டால் கையை எடு. இதுதான் கடினம், மருமகளே. 1992-இல் இதே சஃபோக்கில், ஹாக்ஸ்ன் கிராமத்தில், ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடித் தரப் போனார் எரிக் லாஸ். தங்கமும் வெள்ளியும் வரத் தொடங்கின. கொஞ்சம் எடுத்தவர், அதோடு நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். மறுநாள் அகழாய்வாளர்கள் வந்து பக்குவமாக எடுத்தார்கள். ஏறக்குறைய 15,000 ரோமானியக் காசுகள்! அவர் பொறுத்ததால்தான், மட்கிப்போன ஓக் மரப் பெட்டிக்குள் எது எப்படி அடுக்கப்பட்டிருந்தது என்று இன்று நமக்குத் தெரிகிறது. அந்தச் சுத்தியலும் கிடைத்தது. அதுவும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சட்டப்படி புதையல் என்று கருத இடமிருந்தால், 14 நாட்களுக்குள் கொரோனர் என்ற விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். 2015-இல் ஹெரிஃபோர்ட்ஷயரில் கிடைத்த புதையலை ஒளித்து விற்றவர்கள் சிறைக்குப் போனார்கள். அந்தப் புதையலின் காசுகளில் பெரும்பகுதி இன்னும் கிடைக்கவில்லை. எனக்கு வலிப்பது அதுதான்.

6. கிடைத்ததைத் தேய்க்காதே, கிடைத்த இடத்தை அங்கேயே நின்று எழுது. என் கட்டிலுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. முதல் மூன்று வருடத்தில் எடுத்தவை: காலணிக் கொளுவி, ஈயக் குண்டுகள், முதலாம் எலிசபெத் ராணி காலத்து வெள்ளிக் காசு ஒன்று. மண் போகட்டும் என்று கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தேன். ராணியின் கன்னத்தில் குறுக்கே கீறல் விழுந்தது. பதிவு செய்யலாம் என்று கடைசியில் தொல்பொருள் அலுவலரிடம் கொண்டுபோனபோது, அந்தப் பெண் அன்பாகக் கேட்டது ஒன்றுதான்: “எந்த வயல்?” எனக்கு நினைவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் வா, டப்பாவைத் திறந்து காட்டுகிறேன். வரும்போது உன் நோட்டுப் புத்தகத்தை எடுத்துவா.