ஆறு ஃபேனுக்கு ஒரே ஹெடர்

அசெம்பிளி மேஜையில் உட்கார்ந்த முதல் மாதத்திலேயே இந்தச் சிக்கல் வந்துவிடும். கண்ணாடிக் கதவும் கலர் லைட்டுமாக ஆறு ஃபேன் மாட்டிய கேபினெட்டை கஸ்டமர் ஆசைப்பட்டு எடுத்திருப்பார். அந்தச் செலவை ஈடுகட்ட வாங்கிய மலிவு மதர்போர்டிலோ, சிபியு ஃபேன் ஹெடரை விட்டால் கேபினெட் ஃபேனுக்கென்று ஒன்றே ஒன்றுதான் இருக்கும். மீதி ஐந்தை எங்கே செருகுவது?

ஃபேனைத் திருப்பி நடுவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். 12 வோல்ட், 0.15 ஆம்பியர் என்பதுபோல் ஏதாவது போட்டிருக்கும். பெரும்பாலான போர்டுகளில் ஒரு ஹெடர் தாங்குவது 1 ஆம்பியர், அதாவது 12 வாட். 0.15 ஆம்பியர் ஃபேன் ஆறு என்றால் 0.9; கணக்குக்குள் அடங்குகிறது. 0.3 ஆம்பியர் ஃபேன் என்றால் மூன்றிலேயே அதே 0.9 வந்துவிடும். நின்ற ஃபேன் சுழல ஆரம்பிக்கும் நொடியில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும் என்பதால் நான் 0.7-ஐத் தாண்டுவதில்லை. ஹெடர் கருகினால் போகிறது ஃபேன் அல்ல, போர்டு. கருகிய போர்டுக்கு வாரன்டி கேட்டு நிற்பது சங்கடமான வேலை.

கணக்கு அடங்கினால் ஸ்பிளிட்டர் போதும். அதன் ஒரு கிளையில் நாலு பின்னும் இருக்கும், மற்றதில் மூன்றாவது பின் இருக்காது. உடைந்த சரக்கு என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகாதீர்கள், வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறார்கள். மூன்றாவது பின் ஃபேனின் வேகத்தை போர்டுக்குச் சொல்வது. இரண்டு ஃபேன் ஒரே கம்பியில் பேசினால் போர்டுக்குக் கிடைப்பது உளறல். இதில் ஒரு வில்லங்கமும் உண்டு: நாலு பின் கிளையில் மாட்டிய ஃபேன் ஓடும்வரை மற்றது நின்றே போனாலும் பயோஸுக்குத் தெரியாது. சர்வீஸுக்கு வந்த மெஷினில் எல்லா ஃபேனையும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

கணக்கு அடங்காவிட்டால் ஹப். அது எஸ்எம்பிஎஸ்ஸின் சாட்டா பிளக்கிலிருந்து கரண்ட் எடுத்துக்கொள்ளும். போர்டிலிருந்து வருவது வேகக் கட்டளை மட்டும். சாட்டா பிளக் 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியர்வரை தாங்கும் என்பதால் ஆறு ஃபேனெல்லாம் அதற்குச் சாதாரணம்.

ஆனால் ஹப் வாங்குமுன் ஃபேன் வயரின் முனையில் எத்தனை பின் என்று எண்ணுங்கள். நான் எண்ணாமல் பட்டவன். ஆறும் மூன்று பின் ஃபேன். ஹப்பில் மாட்டினேன், லைட் எரிந்தது, ஓடியது, அனுப்பிவிட்டேன். கடைத்தெருச் சத்தத்தில் காதுக்கு எதுவும் உறைக்கவில்லை. ராத்திரி பத்து மணிக்கு போன்: “அண்ணே, இது கம்ப்யூட்டரா, கிரைண்டரா? பாப்பா தூங்க மாட்டேங்குது.”

விஷயம் இதுதான். நாலு பின் ஃபேனுக்கு வேகக் கட்டளை நாலாவது கம்பியில் வருகிறது. இதற்குப் பெயர் பிடபிள்யூஎம். மூன்று பின் ஃபேனுக்கு அந்தக் கம்பியே கிடையாது, வோல்ட்டைக் குறைத்தால்தான் வேகம் குறையும். சாதாரண ஹப் எப்போதும் 12 வோல்ட்டையே கொடுக்கும். பயோஸில் என்ன மாற்றினாலும் ஃபேன் முழு வேகத்தில்தான் கத்தும். நல்ல வேளை, அந்த போர்டில் கேபினெட் ஹெடர் இரண்டு இருந்தது. ஹப்பைக் கழற்றி, ஹெடருக்கு மூன்று ஃபேனாக ஸ்பிளிட்டரில் பிரித்து, பயோஸில் வோல்ட்டைக் குறைக்கும் டிசி மோடுக்கு மாற்றிய பிறகுதான் வீடு அமைதியானது. இரண்டு நடை பெட்ரோல் என் கைக்காசு.

பிரிக்கும்போது வேலையைப் பார்த்துப் பிரியுங்கள். காற்றை உள்ளே இழுக்கும் முன்பக்க ஃபேன்கள் ஒரு ஹெடரில், வெளியே தள்ளும் பின்பக்கமும் மேல்பக்கமும் இன்னொன்றில். முன்பக்கத்தைக் கொஞ்சம் வேகமாக வைத்தால் காற்று ஃபில்டர் வழியாகவே உள்ளே வரும். இடுக்குகளில் தூசி ஏறுவது குறையும். ஒரே ஹெடரில் வெவ்வேறு மாடல்களைக் கலக்காதீர்கள், ஒரே கட்டளைக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் ஓடும்.

சிபியு ஃபேன் ஹெடரைக் கூலருக்கே விட்டுவிடுங்கள். வேகத் தகவல் வராவிட்டால் பல போர்டுகள் ஸ்டார்ட் ஆகும்போதே எரர் காட்டி நின்றுவிடும். வாட்டர் கூலர் இல்லாத மெஷினில் பம்ப் ஹெடர் சும்மா கிடந்தால் அதைப் பயன்படுத்தலாம். சில போர்டுகளில் அது 2, 3 ஆம்பியர்கூடத் தாங்கும், மேனுவலில் போட்டிருக்கும். ஆரம்பத்தில் முழு வேகத்தில் இருக்கும், பயோஸில் குறைத்துக்கொள்ளுங்கள்.

லைட் வயர் தனிக் கதை. 5 வோல்ட் லைட்டுக்கு மூன்று பின், 12 வோல்ட் லைட்டுக்கு நாலு. 5 வோல்ட் பிளக்கைத் தள்ளிப் பிடித்து 12 வோல்ட்டில் அழுத்தினால் லைட் அதோடு சரி.

இதையெல்லாம் ஸ்க்ரூடிரைவரை எடுத்த பிறகு யோசித்தால் தாமதம். கொட்டேஷன் போடும்போதே போர்டின் ஹெடரையும் ஃபேனின் பின்னையும் எண்ணி, சில நூறு ரூபாய் ஹப்பை பில்லில் சேர்த்துவிடுங்கள். அப்போது சொன்னால் கஸ்டமர் தலையாட்டுவார். டெலிவரி அன்று சொன்னால் முகம் சுளிப்பார்.

அனுப்புமுன் மேஜை ஃபேனை அணைத்துவிட்டு, மெஷினுக்கு லோடு கொடுத்துப் பத்து நிமிடம் காதைக் கொடுங்கள். பிறகு பக்கக் கதவின் உள்புறம் மார்க்கரில் எழுதுங்கள்: “ஹெடர் 1 – முன் 3, 0.45 ஆம்பியர், டிசி.” அடுத்த தடவை அதைத் திறக்கப்போவது அநேகமாக நீங்களேதான்.