18 சிப்பும் 200 சிப்பும்

சுங்கை சிப்புட்டில் சீட்டுக்கட்டைக் கையில் எடுத்தால் பெரியவர்கள் இன்னமும் முகம் சுளிப்பார்கள். சம்பள நாளன்று தோட்டத்து லயத்தில் விரித்த பாயையும், மறுநாள் மளிகைக்கடையில் கடன் சொல்லி நின்றவர்களையும் கண்ணால் பார்த்த தலைமுறை அது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்கள் போக்கர் மேசையில் காசு கிடையாது, பிளாஸ்டிக் சிப் மட்டும்தான். 1953-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட வீடுகள் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. நாட்டில் உரிமம் பெற்ற காசினோ கெந்திங் மலையில் இருப்பது ஒன்றுதான். அங்கும் முஸ்லிம்களுக்கும் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் அனுமதி இல்லை.

வெளிநாட்டில் வேலை பார்த்த காலத்தில் நான் ஹோல்டெம் போக்கர் பழகியது லிமிட் மேசையில். 2-4 மேசை என்றால், ஃபிளாப் (நடுவே விரிக்கும் முதல் மூன்று சீட்டு) வரை ஒரு பெட்டுக்கு 2, டர்னிலும் (நான்காவது சீட்டு) ரிவரிலும் (ஐந்தாவது) 4. யாரும் அதற்கு மேலும் கீழும் போட முடியாது. 2003-இல் டென்னசிக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் இணையத் தகுதிச் சுற்று வழியாக லாஸ் வேகஸ் உலகப் போட்டிக்குள் நுழைந்து 25 லட்சம் டாலர் வென்றார். அது பெட்டுக்கு உச்சவரம்பு இல்லாத நோ-லிமிட் ஆட்டம். பிறகு எல்லோருக்கும் அதுவே வேண்டியிருந்தது.

லிமிட்டில் விலையை மேசை சொல்கிறது. நோ-லிமிட்டில் எதிரே இருப்பவர் சொல்கிறார், சாலையோர டுரியான் வியாபாரி ஆளைப் பார்த்து விலை சொல்வதுபோல. மாற வேண்டிய பழக்கங்கள் எல்லாம் இந்த ஓர் இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

எங்கள் மேசையில் நடந்த ஒரு கையைச் சொல்கிறேன். ஆளுக்கு 200 சிப், பிளைண்ட் 1-2. லிமிட்டில் ஊறிய லோரி ஓட்டுநர் தம்பி ஒருவர், ஏஸ்-ராணி வைத்துக்கொண்டு 6 போட்டார். பெரிய பிளைண்டில் இருந்த ஓய்வுபெற்ற அண்ணன் மட்டும் கால் செய்தார். ஃபிளாப் ஏஸ்-8-3. தம்பி 10, கால். டர்னில் 5 விழுந்தது, தம்பி 25, மறுபடி கால். ரிவரில் ஜாக்கி. தம்பி 50 போட, அண்ணன் கையிலிருந்த 159-ஐயும் நடுவே தள்ளினார். தம்பி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை, கால். அண்ணன் திருப்பிய சீட்டு 3-3. ஃபிளாப்பிலேயே மூன்று மூணு.

“பாட் இவ்வளவு பெருசா இருக்கு, எப்படிண்ணே விடறது?”

“பெருசாக்கினதே நீதானே தம்பி.”

இதே கை, இதே பெட் வரிசை, 2-4 லிமிட் மேசையில் நடந்திருந்தால் தம்பிக்குப் போயிருப்பது 18 சிப். அங்கே ரிவரில் 33 சிப் பாட்டுக்கு இன்னும் 4 போட்டால் போதும். ஒன்பதில் ஒரு தடவை ஜெயித்தாலே அந்தக் கால் நட்டமில்லை. இங்கே 292-க்கு 109 போட வேண்டும், அதாவது நான்கில் ஒரு தடவைக்கு மேல் ஜெயித்தாக வேண்டும். இரண்டு பெட்டுக்குச் சும்மா கால் செய்துவிட்டு ரிவரில் திடீரென்று எல்லாவற்றையும் தள்ளும் நிதானமான ஆள், ஒரு ஜோடி ஏஸுக்குத் தோற்கிற சீட்டை வைத்துக்கொண்டு அப்படிச் செய்வது அபூர்வம். ஒரு ஜோடி மட்டும் கையில் இருந்தால் பாட்டைச் சின்னதாக வைத்திருங்கள். அந்த ரிவரில் செக் செய்வது கோழைத்தனம் ஆகாது.

அடுத்தது கலருக்கு (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) காத்திருப்பது. டர்னில் நான்கு ஆட்டின் சேர்ந்திருந்தால், ரிவரில் ஐந்தாவது வர ஏறக்குறைய ஐந்தில் ஒரு வாய்ப்பு. பாட்டில் 16 இருக்கிறது என்று வையுங்கள். லிமிட்டில் எதிராளி 4 போட்டால் 20-க்கு 4. கண்ணை மூடிக்கொண்டு கால் செய்யலாம். நோ-லிமிட்டில் அவர் 16 போடுவார், 32-க்கு 16. கலர் விழுந்த பிறகு அவரிடமிருந்து இன்னும் 34-ஆவது வாங்க முடியும் என்று தோன்றினால் மட்டும் போங்கள். அவரிடம் மிச்சம் இருப்பதே 20 சிப் என்றால் சீட்டைக் கீழே வைத்துவிடுங்கள். எதிராளியின் சிப் அடுக்கை எண்ணாமல் கால் செய்யும் பழக்கம் லிமிட்டில் மட்டும்தான் செல்லும்.

சின்ன ஜோடிகளின் மதிப்பு இங்கே ஏறுகிறது. ஃபிளாப்பில் மூன்றாவது சேர்வது சுமார் 12 விழுக்காடுதான். ஆனால் சேர்ந்தால் அண்ணனைப்போல முழு அடுக்கையும் வாங்கலாம். உள்ளே நுழைய ஆகும் செலவு இருவரில் சின்ன அடுக்கின் 15-இல் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். ராஜா-பத்து மாதிரி கைகளோ இறங்குகின்றன. லிமிட்டில் நல்ல வரும்படி கொடுத்தவை, இங்கே இரண்டாம் நிலை ஜோடியோடு உங்களை மாட்டிவிடும்.

புளஃப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. பாட் அளவுக்குப் புளஃப் போட்டால் பாதித் தடவை எதிராளி ஓட வேண்டும், பாதிப் பாட் போட்டால் மூன்றில் ஒன்று. ஓடவே மாட்டாத ஆளிடம் போடாதீர்கள், அவ்வளவுதான்.

லிமிட், நோ-லிமிட் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் கணினிக்கும் தெரிந்தது. இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெமை 2015 ஜனவரியில் கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தார் ஏறத்தாழ முழுமையாகவே தீர்த்துவிட்டார்கள். நோ-லிமிட்டில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல் 2017-இல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 கைகளில் வென்றது. ஆட்டம் இன்னும் தீர்க்கப்படவில்லை. பாட்டைவிடப் பெரிய பெட்டுகளை லிப்ராட்டஸ் சர்வசாதாரணமாகப் போட்டது. மேசை வைத்த விலைக்குப் பழகியவர்களுக்கு அப்படி ஒரு பெட் இருப்பதே தோன்றாது.

லிமிட்டிலிருந்து புதிதாக வருகிறவர்கள் 200 சிப்போடு உட்கார வேண்டாம். 80 போதும், 40 பெரிய பிளைண்ட். அடுக்கு சின்னதாக இருந்தால் டர்னிலும் ரிவரிலும் எடுக்க வேண்டிய சிக்கலான முடிவுகள் குறையும். லிமிட்டில் கற்ற கைத்தேர்வும் பொறுமையும் அப்படியே உதவும். பெட் அளவு கைக்கு வந்த பிறகு 200-க்குப் போகலாம்.