ஹரேம் அனிமே பார்க்கத் தொடங்கும் உனக்கு

கண்ணு, அனிமே விமர்சனம் எழுதப் போவதாகவும், ஹரேம் வகையிலிருந்து தொடங்கப் போவதாகவும் சொன்னாய். சந்தோஷமும் கவலையும் சேர்ந்தே வந்தன. ஒரு பையனைச் சுற்றிப் பல பெண்கள் வளைய வரும் கதையை ஏளனமாய் நாலு வரி எழுதிக் கைதட்டல் வாங்குவது சுலபம். பல வருடம் நானும் அதைத்தான் செய்தேன்.

1. முழுசாகப் பார்த்துவிட்டுப் பேசு. 2000-இல் வந்த 'லவ் ஹினா'வை இரண்டே எபிசோடில் நிறுத்திவிட்டு, முதுகெலும்பில்லாத நாயகன் என்று நண்பர்களிடம் தீர்ப்புச் சொன்னேன். பல வருடம் கழித்து, தேர்வில் தோற்றுப்போய் அறைக்குள் முடங்கிக் கிடந்த என் அக்கா மகனோடு உட்கார்ந்து அதை மறுபடி பார்த்தேன். அதன் நாயகன் கெய்தாரோ, டோக்கியோ பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் இரண்டு முறை தோற்றவன். சின்ன வயதில் ஒரு சிறுமிக்குக் கொடுத்த வாக்குக்காக மறுபடியும் எழுதத் துணிகிறான். அவன் தடுமாறி விழுவதைப் பார்த்து எங்கள் பையன் சிரித்தான். அவன் சிரித்து வாரக்கணக்காகியிருந்தது. முதுகெலும்பில்லை என்று நான் சொன்னவனிடம் அத்தனை விடாப்பிடி இருந்திருக்கிறது. அவசரத்தில் அளந்தால் படியும் பொய் சொல்லும்.

2. ஒரு வழக்கத்தைத் திட்டுவதற்கு முன் அதன் வேரைத் தேடு. நாயகன் ஏன் இப்படி வெறுமையாக இருக்கிறான் என்று கேட்பாய். 1994-இல் கொனாமி வெளியிட்ட 'டோக்கிமெக்கி மெமோரியல்' போன்ற காதல் விளையாட்டுகளில் நாயகனின் இடத்தில் உட்காருபவர் ஆடுபவர்தான். அதனால் அந்த நாற்காலியைக் காலியாக விட்டார்கள். அப்படியொரு விளையாட்டிலிருந்து பிறந்த 'அமகாமி எஸ்எஸ்' (2010) ஒரு பெண்ணுக்கு நான்கு எபிசோடு என்று ஒதுக்கி, அவள் கதை முடிந்ததும் காலத்தையே பின்னுக்குத் தள்ளிப் புதிதாகத் தொடங்குகிறது. எவளையும் தோற்கவிடாத அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும்.

3. நாயகன் அறையில் இல்லாதபோது அந்தப் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று பார். இத்தனை வருடத்தில் நான் கண்ட ஒரே நம்பகமான உரைகல் இதுதான். 'குவின்டெசென்ஷியல் குவின்டுப்ளெட்ஸ்' (2019) தொடரில் ஒரே பிரசவத்தில் பிறந்த ஐந்து சகோதரிகள். அவர்களுக்குப் பாடம் சொல்ல வருபவன் கடனில் தவிக்கும் வீட்டுப் பையன். ஐந்து பேருக்கும் ஒரே முகம். ஆனால் இச்சிகா நடிகையாகப் பாடுபடுகிறாள். மிக்குவுக்கு செங்கோகு காலப் போர்த்தலைவர்கள் மேல் உயிர். அதை வெளியே சொல்லக் கூச்சம். நினோவுக்கோ தங்கள் ஐவர் கூட்டுக்குள் அயலான் நுழைவதே ஆகாது. தண்ணீரில் தூக்கமருந்து கலந்து அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறாள். முதலில் அவளை வெறுத்தேன். அவளை அப்படிச் செய்ய வைத்தது, குடும்பம் உடைந்துவிடுமோ என்ற பயம் என்று புரிய எனக்கு ஒரு சீசன் ஆயிற்று. ஆளைப் புரிந்துகொள்ளும் முன் அடைமொழி சூட்டாதே, கண்ணு.

4. உனக்குப் பிடித்தவள் தேர்ந்தெடுக்கப்படாவிட்டால் அன்றிரவு எதுவும் எழுதாதே. மேலே சொன்ன ஐந்து சகோதரிகளின் கதை திருமண நாளிலேயே தொடங்குகிறது. மணமகள் யார் என்பதை மட்டும் மறைத்துவிடுகிறது. யார் என்று நான் சொல்ல மாட்டேன். கோபம் ஆறியதும் முதலிலிருந்து ஒருமுறை பார்; குறிப்புகள் கண்ணெதிரே கிடக்கும்.

5. வகையின் இலக்கணத்தை மதிப்பது வேறு, தப்புக்குச் சப்பைக்கட்டு கட்டுவது வேறு. குளியலறைக் கதவு தவறுதலாகத் திறப்பதும், அவள் அவனை அடித்துப் பறக்கவிடுவதும் இந்த வகையில் பழைய வேடிக்கை. அது வரும் என்று தெரிந்தே போகிறோம். ஆனாலும் ஒரு காட்சி அந்தப் பெண்ணை அவமானப்படுத்துகிறது என்று உன் மனசு சொன்னால், அதை அப்படியே எழுது. ரசிகர்கள் கோபிப்பார்களே என்று அப்படிப்பட்ட இடங்களை நான் விழுங்கியிருக்கிறேன். அந்த மௌனம் இன்றும் உறுத்துகிறது.

6. 'ஓரான் ஹை ஸ்கூல் ஹோஸ்ட் கிளப்'பில் (2006) தொடங்கு. அங்கே ஒரு பெண்ணைச் சுற்றிப் பையன்கள்; பள்ளி மாணவிகளை உபசரித்து மகிழ்விப்பதுதான் அவர்கள் கிளப்பின் வேலை. உதவித்தொகையில் படிக்கும் ஹருஹி, மூன்றாம் இசையறைக் கதவைத் திறந்து, 80 லட்சம் யென் பெறும் ஜாடியை உடைத்துவிடுகிறாள். அந்தக் கடனைத் தீர்க்க, பையன் வேடத்தில் அவர்களோடு வேலைக்குச் சேர்கிறாள். இளவரசன், இரட்டையர், அதிகம் பேசாதவன் என்று ஒவ்வொருவனும் வாடிக்கையாளர்களுக்காக ஒரு வேடம் போடுகிறான். ஹருஹி மட்டும் வேடத்துக்குப் பின்னால் இருப்பவனிடம் பேசுகிறாள். அவள் எப்படிப் பார்க்கிறாள் என்று கவனி. 26 எபிசோடும் முடித்துவிட்டு எனக்கு ஃபோன் செய். அதுவரை நான் எதுவும் கேட்க மாட்டேன்.