23 டிகிரி அறையும் நம்மூர் மே மாதமும்

கிளாஸ் அயனோமர் சிமென்ட் பெட்டியைத் திறந்தால் உள்ளே பல மடிப்பாக மடித்த தாள் ஒன்று இருக்கும். எத்தனை நொடி கலக்க வேண்டும், எத்தனை நிமிடத்துக்குள் பல்லில் வைக்க வேண்டும் என்று அதில் போட்டிருப்பார்கள். அந்த நேரத்தை எல்லோரும் பார்ப்போம். அந்த நேரம் எந்த வெப்பநிலைக்கு உரியது என்பதைப் பார்ப்பவர்கள் குறைவு. பல் சிமென்ட்டுகளைச் சோதிப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 9917 தரநிலை, கலக்கும் அறை 23 டிகிரி செல்சியஸில், 50 சதவீத ஈரப்பதத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்கிறது. மே மாத மதியத்தில், கரண்ட் போய் ஏ.சி. நின்ற வேலூர் கிளினிக்கிலோ, ஐப்பசி மழையில் சுவரெல்லாம் வியர்க்கும் சென்னை கிளினிக்கிலோ அந்தத் தாளில் உள்ள நிமிடங்கள் அப்படியே செல்லுபடி ஆகாது.

பகலில் பல் மருத்துவ மாணவர்களுக்கு டென்டல் மெட்டீரியல்ஸ் பாடம் எடுக்கிறேன். மாலையில் கிளினிக் பார்க்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். அடைத்த பல் சீக்கிரம் பெயர்ந்து வந்தால் கம்பெனியைச் சந்தேகிப்பதற்கு முன்னால் அன்றைய வெப்பத்தையும் ஈரத்தையும் சந்தேகிக்க வேண்டும். இதைப் புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்காகவும், பல் அடைத்துக்கொள்ள வருகிறவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

கிளாஸ் அயனோமரிலிருந்தே தொடங்குகிறேன். நம் ஊரில் சொத்தைப் பல்லுக்கு அதிகம் கைகொடுப்பது அதுதான். லண்டனில் அரசு வேதியியலாளர் ஆய்வகத்தில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் உருவாக்கி, 1972-இல் பிரிட்டிஷ் டென்டல் ஜர்னலில் வெளியிட்ட பொருள் இது. பவுடர் ஒருவகைக் கண்ணாடித் தூள். லிக்விடில் இருப்பது பாலிஅக்ரிலிக் அமிலம். இரண்டும் சேர்ந்ததும் அமிலம் கண்ணாடியை அரித்துக் கால்சியத்தையும் அலுமினியத்தையும் வெளியே இழுக்கிறது. முதல் சில நிமிடங்களில் கால்சியம் பிணைந்து சிமென்ட் இறுகியதுபோல் தெரியும். உண்மையான பலத்தைத் தரும் அலுமினியப் பிணைப்பு மெதுவாக, ஒரு நாள் வரைக்கும் நடந்துகொண்டே இருக்கும். அந்த ஒரு நாளில் ஆரம்ப நேரம்தான் ஆபத்தானது. எச்சில் பட்டால் பிணையாத அயனிகள் கரைந்து போகும். காய்ந்தால் மேற்பரப்பு வெளிறி நுண்விரிசல் விடும். ஈரமும் ஆகாது, வறட்சியும் ஆகாது.

பள்ளிக்கூட முகாம்களில் இதைக் கண்ணெதிரே பார்க்கலாம். வராண்டாவில் பெஞ்சு போட்டு, கரண்ட் மெஷின் இல்லாமல் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி அடைக்கும் முறை 1980-களில் தான்சானியாவில் யோ ஃபிரென்கன் தொடங்கி வைத்தது. அதற்கு உயிரே இந்தச் சிமென்ட்தான். நம் முகாமில் பிள்ளைகளுக்கு வியர்க்கிறதே என்று யாராவது அன்போடு டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பார்கள். காற்று நேராக வாய்க்குள் போகும். வைத்த சிமென்ட் கொஞ்ச நேரத்தில் சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும். ஆகவே முகாமுக்குப் போனால் முதல் வேலையாக ஃபேனின் திசையைச் சரிபாருங்கள். சிமென்ட்டை வைத்ததும் கையுறை விரலில் வாசலின் தொட்டு அழுத்துங்கள். பிசிறை எடுத்த பிறகு வார்னிஷோ வாசலினோ மறுபடி ஒரு பூச்சு கட்டாயம். இந்தக் கடைசிப் பூச்சைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறோம், அடுத்த பிள்ளை காத்திருக்கிறான் என்று.

இனி கலப்பது. வெயில் ஏற ஏற வேதிவினை வேகமெடுக்கும். தாளில் இரண்டு நிமிடம் என்றிருப்பது 35 டிகிரி அறையில் அதற்கு வெகுமுன்பே முடிந்துவிடும். அதனால் கடிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள், பளபளப்பைப் பாருங்கள். சிமென்ட் பல்லோடு ஒட்டுவதற்கு, இன்னும் வினைபுரியாத அமிலக் கைகள் அதில் மிச்சம் இருக்க வேண்டும். அவைதான் பல்லின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கலவை ஈரமாக மினுங்கும் வரைக்கும் அவை மிச்சம் இருக்கின்றன என்று பொருள். மங்கிவிட்டால் அந்தக் கலவையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கலக்கச் சொல்வேன். மாணவர்கள் விலையை நினைத்துத் தயங்குவார்கள். திரும்பி வரும் நோயாளியின் பேருந்துச் செலவும் ஒருநாள் கூலியும் அதைவிடப் பெரியது.

வெயிலுக்குப் பரிகாரமாகச் சிமென்ட் கலக்கும் கண்ணாடிப் பலகையை ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லிப் புத்தகங்கள் சொல்லும். குளிர்நாட்டுக்கு அது நல்ல யோசனை. சென்னை மாதிரி கடலோர ஊரில் ஈரமான மாதங்களில் காற்றின் பனிநிலை 24, 25 டிகிரிக்குப் போய்விடும். அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் தண்ணீர் பூக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பலகை கண் இமைக்கும் நேரத்தில் வியர்த்துவிடும், அந்தத் தண்ணீர் கலவையில் சேரும். பவுடருக்கும் லிக்விடுக்கும் இருக்க வேண்டிய விகிதம் கெட்டால் பலமும் கெடும். ஏ.சி. அறையிலேயே கிடந்து குளிர்ந்த பலகை போதும். அதற்கும் வழியில்லை என்றால் கலக்கும் தாளில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து வேகமாக வேலையை முடியுங்கள். லிக்விட் பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்கவே வேண்டாம். குளிர்ந்தால் கெட்டியாகிச் சொட்டின் அளவு மாறும். பாட்டிலை நேர் செங்குத்தாகப் பிடித்து, காற்றுக்குமிழ் உள்ள முதல் சொட்டை விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். பவுடர் மூடியை உடனே இறுக்க மூடுங்கள். மழைக்காலத்தில் திறந்து கிடந்த பவுடரை நான் வகுப்பில் பயன்படுத்த அனுமதிப்பதில்லை.

அளவு எடுக்கும் அல்ஜினேட்டுக்குத் தண்ணீர்தான் எல்லாம். மொட்டைமாடி டேங்க் தண்ணீர் மதியம் குழாயில் சுடச்சுட வரும். அதில் கலக்கினால் ட்ரேயில் நிரப்புவதற்குள்ளேயே உறைந்துவிடும். போர்வெல் தண்ணீராக இருந்தால் அதிலுள்ள கால்சியமும் சேர்ந்து இன்னும் விரட்டும், ஏனென்றால் அல்ஜினேட் இறுகுவதே கால்சியத்தால்தான். ஆர்.ஓ. தண்ணீரைப் பானையில் ஊற்றி வைத்து எடுத்துக்கொள்வது என் வழக்கம். எடுத்த அளவை மேசையில் விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. காற்றில் தண்ணீரை இழந்து சுருங்கும், தண்ணீரில் போட்டால் உறிஞ்சி ஊதும். ஈரத் துணியில் சுற்றி, கூடிய சீக்கிரம் பல் மாதிரி வார்க்கும் ஸ்டோனை ஊற்றிவிடுங்கள். பொருந்தாத கேப், கடிக்கும் பல்செட் என்று வரும் புகார்களில் ஒரு பங்கு இந்தக் காத்திருப்பில்தான் பிறக்கிறது.

லைட் காட்டி இறுக்கும் காம்போசிட்டைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள். நான் இரண்டே விஷயம் சொல்கிறேன். ஃப்ரிட்ஜில் வைத்த சிரிஞ்சை முன்கூட்டியே வெளியே எடுத்து அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். இன்னொன்று, ரப்பர் டேம். 1864-இல் நியூயார்க்கில் சான்ஃபோர்ட் பார்னம் கொண்டுவந்த அந்த ரப்பர் துணிக்கு ஈடான எச்சில் தடுப்பு இன்றுவரை வரவில்லை. மூச்சுக்காற்றின் ஈரமே ஒட்டுதலைக் குறைக்கும் அளவுக்கு நுட்பமான வேலை காம்போசிட் ஒட்டுவது. பஞ்சு மட்டும் வைத்துக் கடைவாய்ப் பல்லில் காம்போசிட் போட வேண்டிய நிலைமை வந்தால், நான் கிளாஸ் அயனோமருக்கே போய்விடுவேன். அது இரண்டாம்தரப் பொருள் என்ற எண்ணம் சிலரிடம் இருக்கிறது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

ஆராய்ச்சிக் கட்டுரை படிக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒட்டும் பலம் இத்தனை மெகாபாஸ்கல் என்று பெரிய எண் கண்ணில் பட்டால் உடனே மயங்க வேண்டாம். யாருடைய பல்லில் சோதித்தார்கள் என்று பாருங்கள். பல ஆய்வுகளில் அது மாட்டின் முன்பல். ஒட்டிய 24 மணி நேரத்தில் சோதித்தார்களா, அல்லது 5 டிகிரித் தண்ணீரிலும் 55 டிகிரித் தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்கியெடுத்துப் பழக வைத்த பிறகா என்று பாருங்கள். சூடான காபியும் ஐஸ்கிரீமும் படும் வாய்க்கு இரண்டாவதுதான் நெருக்கம்.

பல்லும் எல்லா ஊரிலும் ஒன்றல்ல. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். சிறுவயதில் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் இருக்கும். அந்த எனாமலின் மேல்படலம் அமிலத்துக்கு எளிதில் அசைந்து கொடுக்காது. அடைக்கும் பொருள் நன்றாக ஒட்டுவதற்காக 1955-இல் மைக்கேல் புவனகோர் சொன்ன அமிலப் பூச்சு முறை எனாமல் கரைவதை நம்பியே நிற்கிறது என்பதால், இங்கே வழக்கமான நொடிகள் போதாமல் போகலாம். மேல்படலத்தை லேசாகத் தேய்த்துவிட்டு, அமிலத்தைக் கூடுதல் நேரம் விட்டு, கழுவிக் காயவைத்தபின் எனாமல் பனிமூடியதுபோல் வெளுத்திருக்கிறதா என்று பார்த்துத்தான் நான் அடுத்த வேலைக்குப் போகிறேன். நோயாளியிடம் சொந்த ஊர் எது, சின்ன வயதில் எந்தத் தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்பது என் கேள்விப் பட்டியலில் எப்போதும் உண்டு.

பல் அடைத்துக்கொள்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் இதிலிருந்தே வருகிறது. என்ன பொருள் வைத்தார்கள் என்று கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கிளாஸ் அயனோமர் என்றால் முதல் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், அன்று முழுக்க அந்தப் பக்கம் முறுக்கு, கடலை போன்றவற்றைக் கடிக்காமல் இருங்கள். லைட் காட்டி இறுக்கிய காம்போசிட்டுக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. மரத்த உதடு தெளிந்தால் சாப்பிடலாம். ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டில் இரண்டு வேளை தேய்த்துத் துப்பிவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் விடுங்கள். கிளாஸ் அயனோமர் அந்த ஃபுளோரைடை உள்வாங்கி மெல்ல வெளிவிடக் கூடியது. வேலை நடக்கும்போது எச்சில் ஊறி நிரம்பினால் கையைத் தூக்கிக் காட்டுங்கள், விழுங்குவதற்காக வாயை மூடிவிடாதீர்கள். உறிஞ்சும் குழாயை அந்தப் பக்கம் கொண்டுவர மருத்துவருக்கு ஒரு நொடி போதும்.