கம்ப்யூட்டரின் எல்லையில் ஒரு பகா எண்

கம்ப்யூட்டர் எவ்வளவு பெரிய எண்ணையும் கையாளும் என்றுதான் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் நினைப்பார்கள். ஆனால் ஓர் எண்ணுக்கு எத்தனை பிட் இடம் ஒதுக்குகிறோமோ, அதுதான் அதன் எல்லை. அத்தகைய எல்லைகளில் புகழ்பெற்றது 2147483647. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

விண்டோஸ் கால்குலேட்டரைத் திறந்து கொள்ளுங்கள். மேலே இடது மூலையில் மூன்று கோடுகள் உள்ள பட்டனைக் கிளிக் செய்து, புரோகிராமர் என்பதைத் தேர்வு செய்யுங்கள். க்யூவேர்டு என்ற பட்டனைக் கிளிக் செய்தால் அது டிவேர்டு என மாறும். இனி 32 பிட் மட்டுமே. இரண்டாவது வரிசையான டெசிமலைக் கிளிக் செய்துவிட்டு 2147483647 என டைப் செய்யுங்கள். கடைசி வரிசையில் இதன் பைனரி வடிவம் கிடைக்கும்: ஒரு 0, அதைத் தொடர்ந்து 31 ஒன்றுகள். முதல் பிட் கூட்டல், கழித்தல் குறிக்கானது. மற்ற 31 பிட்களும் நிரம்பிவிட்டன. இப்போது 1-ஐக் கூட்டுங்கள். விடை -2147483648 என வரும்! இடமில்லாமல் போன 1, குறிக்கான பிட்டில் போய் உட்கார்ந்து கொண்டதே காரணம்.

இந்த எண் ஒரு பகா எண்ணும் கூட. 1-ஆலும் தன்னாலும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாது. 1772-ல், பார்வையை ஏறக்குறைய முழுவதும் இழந்திருந்த கணித மேதை ஆய்லர் இதை நிரூபித்தார். இதன் வர்க்கமூலம் 46340-ஐச் சற்றே தாண்டும். எனவே அதுவரை சோதித்தால் போதும். மேலும், இதை வகுக்கும் பகா எண் ஏதேனும் இருந்தால், அதை 62-ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். 8-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 வர வேண்டும். இவ்விரு விதிகளாலும் சோதிக்க வேண்டிய எண்கள் 400-க்கும் குறைவாகிவிடும்.

பகா எண் என்பதற்காகவா கம்ப்யூட்டரில் இதைத் தேர்வு செய்தார்கள்? இல்லை, தற்செயல்தான். 8 பிட்டின் எல்லையான 127 பகா எண். ஆனால் 16 பிட்டின் எல்லையான 32767 ஏழால் வகுபடும். 64 பிட்டின் எல்லையும் அப்படியே. ஒன்றுகளின் எண்ணிக்கை (15, 63) பகு எண்ணாக இருந்தால், அந்த எண்ணும் பகு எண்ணாகவே இருக்கும்.

இதனால் நமக்கு என்ன? பல கருவிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளாகவே எண்ணுகின்றன. 32 பிட்டில் எண்ணும் கருவிகளில், 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு அந்த எண்ணிக்கை 2147483647-ஐத் தொடும். அடுத்த விநாடியே கழித்தல் எண்ணாகி, தேதி 1901-க்குப் போய்விடும். 64 பிட்டில் நேரத்தை எண்ணும் புதிய கம்ப்யூட்டர்களுக்கு இந்தக் கவலை இல்லை. பழைய கருவிகளுக்கும் பழைய புரோகிராம்களுக்கும்தான் ஆபத்து.

நீங்கள் புரோகிராம் எழுதக் கற்பவரா? கடைக் கணக்கைப் பைசாவில் வைத்து 32 பிட்டில் சேமித்தால், ரூ.2,14,74,836.47-க்கு மேல் ஒரு பைசா சேர்ந்தாலும் கணக்கு தலைகீழாகிவிடும். எவ்வளவு இடம் தேவை என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.