முதலில் சப்ளையைப் பார்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஸ்ரீரங்கத்திலிருந்து மாமா எழுதுவது. நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். சின்ன வெங்காயம் நிறுக்க நீயே எலெக்ட்ரானிக் தராசு கட்டி, உப்பிலியபுரம் தோட்டத்தில் வைக்கிற எடையை வைஃபை வழியாக மச்சானின் செல்போனுக்கு வரவைத்துவிட்டாய். வேலை சுத்தம். ஆனால் தட்டில் ஒன்றுமே இல்லாதபோதும் எண் நிற்காமல் ஓடுகிறதே! கல்லூரியில் "புரோகிராமில் சராசரி எடுத்துவிடு" என்று சொன்னார்களாம். எடுக்கலாம், அது கடைசி வேலை. முதலில் சப்ளையைச் சந்தேகப்படு.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார். உன் லோடு செல் 50 கிலோவுக்கானது. 5 வோல்ட் கொடுத்தால் முழு எடைக்கு அது தருவது 10 மில்லிவோல்ட். அப்படியானால் 10 கிராமுக்கு 2 மைக்ரோவோல்ட். நீ செருகியிருக்கும் செல்போன் சார்ஜரின் வெளியீட்டில் 50 மில்லிவோல்ட் ரிப்பிள், அதாவது வோல்டேஜின் வேகமான ஏற்ற இறக்கம், இருந்தால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. நீ பிடிக்க நினைக்கிற சிக்னலைவிட அது 25,000 மடங்கு. மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால் 5 வோல்ட் என்று அழகாகக் காட்டும், டி.சி. அளவில் அது காட்டுவது சராசரி மட்டும்தான்.

லோடு செல்லின் சிக்னலைப் படிக்க நீ போட்டிருக்கும் எச்.எக்ஸ்.711 கெட்டிக்கார சிப். லோடு செல்லுக்குப் போகிற வோல்டேஜையே தன் அளவுகோலாகவும் வைத்துக்கொள்வதால், சப்ளை மெல்ல ஏறி இறங்கினால் கணக்கில் அடிபட்டுப்போகும். விநாடிக்கு 10 அளவு என்று வைத்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் வடிகட்டிவிடும். ஆனால் சார்ஜருக்குள் இருக்கும் ஸ்விட்ச் விநாடிக்கு 65,000 முறையோ ஒரு லட்சம் முறையோ தட்டுகிறது. அந்த வேகத்தில் வருவது ஆம்ப்ளிஃபயரின் வாசலிலேயே ரெக்டிஃபை ஆகி, எடை மாதிரியே வேஷம் போட்டு உள்ளே வந்துவிடும். அப்புறம் நூறு அளவுக்குச் சராசரி எடுத்தாலும் தப்பான எடைதான் நிலையாக நிற்கும்.

ஆசிலாஸ்கோப் இல்லையே என்று வருத்தப்படாதே. வீட்டில் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தால் எடு. மத்திய அலையில் திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில், நிலையம் எதுவும் கேட்காத இடத்தில் வைத்து, சார்ஜரின் அருகே கொண்டுபோ. உர்ரென்று கத்தினால் அந்தச் சார்ஜர் சத்தக்காரன். வேறு சார்ஜர்களையும் இப்படியே கேட்டுப் பார், வித்தியாசம் காதிலேயே தெரியும்.

அடுத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு மூன்று பென் டார்ச் செல்லில் ஓட்டு. பவர் பேங்க் வேண்டாம், அதற்குள்ளும் ஸ்விட்சிங்தான். எண் அடங்கினால் குற்றவாளி சார்ஜர். அடங்காவிட்டால் வைஃபையை நிறுத்திப் பார். அப்போது அடங்கினால் கோளாறு உன் வயரிங்கில்.

வீடியோவில் என் கண்ணில் பட்டதும் அதுதான். வைஃபை போர்டுக்கும் எச்.எக்ஸ்.711-க்கும் ஒரே கிரவுண்ட் ஜம்பர் வயர். வைஃபை தகவல் அனுப்பும் நொடியில் கால் ஆம்பியர் வரை இழுக்கும். அந்த வயரும் பிரெட்போர்டுத் துளையும் சேர்ந்து 0.1 ஓம் என்றால்கூட 25 மில்லிவோல்ட் எழும். தலைமடையில் மடையைத் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் குறைகிற கதை. இரண்டுக்கும் தனித்தனி வயர் போட்டு, சப்ளை நுழையும் இடத்தில் மட்டும் சேர். பிறகு பி.சி.பி. போடும்போது ஒரு பக்கம் முழுவதையும் கிரவுண்டாக விடு. அனலாக், டிஜிட்டல் என்று நடுவில் வெட்டாதே. வெட்டு போட்டு நிம்மதி அடைந்தவர்களைவிட அவதிப்பட்டவர்களே அதிகம்.

இனி ஃபில்டர். ஃபெரைட் பீட் வாங்கப்போவதாக எழுதியிருக்கிறாய். அதன் மேல் 600 ஓம் என்று போட்டிருப்பது 100 மெகாஹெர்ட்ஸில். உன் 65 கிலோஹெர்ட்ஸில் அது கிட்டத்தட்ட வெறும் கம்பி. அதைவிட மோசம், 1 மைக்ரோஹென்றி பீடும் 10 மைக்ரோஃபாரட் செராமிக்கும் சேர்ந்தால் 50 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் ரெசொனன்ஸ் ஆகி இரைச்சலைப் பெருக்கவும் கூடும். உன் வேலைக்கு 10 ஓம் ரெசிஸ்டர் போதும். எச்.எக்ஸ்.711-க்குப் போகும் சப்ளையில் அதைத் தொடராக வை. பிறகு 100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலைட்டிக், 10 மைக்ரோஃபாரட் செராமிக் இரண்டையும் சிப்பின் காலை ஒட்டிக் கிரவுண்டுக்கு வை. அந்த செராமிக் 65 கிலோஹெர்ட்ஸில் கால் ஓம்தான். ரிப்பிள் நாற்பதில் ஒரு பங்குக்கு இறங்கும். லோடு செல்லும் சிப்பும் இழுப்பது பத்திருபது மில்லிஆம்பியர் என்பதால் ரெசிஸ்டரில் 0.2 வோல்ட்டுக்கு மேல் போகாது. செராமிக்கை 25 வோல்ட் ரகமாகப் பார்த்து வாங்கு, 6.3 வோல்ட் ரகத்துக்கு 5 வோல்ட் கொடுத்தால் கொள்ளளவு ரொம்பவும் சுருங்கிவிடும்.

அதற்கும் அடங்காவிட்டால் பழைய வழி: 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், நாலு டயோடு, 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், ஒரு 7805 ரெகுலேட்டர். 50 மில்லிஆம்பியர் இழுத்தால் கெபாசிட்டரில் அரை வோல்ட் ரிப்பிள் இருக்கும். ஆனால் அது 100 ஹெர்ட்ஸ்; 7805 பலமாக இருக்கும் இடமே அதுதான், ஆயிரத்தில் ஒரு பங்காக்கிவிடும். சார்ஜரின் 65 கிலோஹெர்ட்ஸிடம் அதே 7805 பாவம். கனம் கூடும், போகட்டும். தோட்டத்தில் போர் மோட்டார் கிளம்பும்போது வோல்டேஜ் இறங்கினாலும் இதில் தாங்குவதற்குக் கொஞ்சம் இடமிருக்கும்.

மச்சானிடம் ஒன்று சொல்லிவை. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, விற்பனைக்கு நிறுக்கும் தராசுக்கு அரசு முத்திரை வேண்டும். எனவே இது வீட்டுக் கணக்குக்கு மட்டும். துறையூர் வியாபாரி வரும்போது முத்திரைத் தராசில்தான் நிறுக்க வேண்டும்.

சார்ஜரில், டார்ச் செல்லில், வைஃபை நிறுத்தி என்று மூன்று நிலையிலும் வெறும் தட்டில் எண் எவ்வளவு ஆடுகிறது என்று குறித்து அனுப்பு. அது வரும்வரை கடைக்குப் போய் ஒரு கெபாசிட்டர்கூட வாங்காதே.

அன்புடன்,
மாமா